எல்லாரும் பத்திரம் என்று ரேடியோ சொன்னது

ஓடுகிறோம். மணல். கால் புதைகிறது. ஒரு செருப்பு போய்விட்டது. முன்னால் தவசி ஓடுகிறான். ஊதாச் சட்டை. அதை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுகிறேன்.

ஆற்றுக்கு அக்கரையில் 'தும்' என்று ஒரு சத்தம். கனமான மரக்கதவை ஓங்கிச் சாத்தியது போல. பிறகு ஒன்றுமில்லை. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு வானத்தில் துணி கிழிகிற சத்தம். கிழிசல் நம்மைப் பார்த்து வந்தால் படுக்க வேண்டும். தாண்டிப் போனால் ஓட வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாம் நாளே காது கற்றுக்கொண்டது.

"படு மாப்ளே, படு!"

படுத்தேன். வாயெல்லாம் மண். முதுகின் மேல் சூடான காற்று போனது. கல், தகரம், பேரீச்சை மட்டை எல்லாம் மேலிருந்து விழுந்தன. அதன் பிறகு என் இடது காதில் ஒரு விசில். அந்த விசில் இன்றும் இருக்கிறது.

இது பாஸ்ரா. ஈராக் நாட்டில் ஒரு துறைமுக ஊர். 1980, செப்டம்பர் கடைசி. ஈரானுக்கும் ஈராக்குக்கும் சண்டை தொடங்கிய வாரம். நான் ராசாமணி. சிலமலைக்காரன். கம்பி கட்டும் வேலை. தவசிக்குத் தேவாரம். கொத்து வேலை. இரண்டு பேரும் போடியில் ஒரே மேஸ்திரியிடம் வேலை பார்த்தவர்கள். ஒரே பம்பாய் ஏஜெண்டு மூலமாகப் போனோம். ஆற்றங்கரையில் தானியக் கிடங்கு கட்டுகிறார்கள். கட்டினோம். சண்டை வந்ததும் வேலை நின்றது. சாக்கடைக்கு என்று கொண்டுவந்து போட்டிருந்த பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள் குடியேறினோம். பகலில் குழாய் கொதிக்கும். படுத்தால் முதுகு வேகும். ஆனாலும் வெளியே வர மாட்டோம்.

எங்களுக்குச் சமைத்தவன் ஹசன். எகிப்துக்காரன். குண்டு ஓய்கிற நேரம் பார்த்து அடுப்புக்கு ஓடுவான். ரொட்டியும் பருப்பும் ஒவ்வொரு குழாயாகக் கொண்டுவந்து நீட்டுவான். தமிழில் அவனுக்கு ஒரே ஒரு வார்த்தை தெரியும். தவசி சொல்லிக் கொடுத்தது. "சாப்புடு" என்பான்.

ஒரு நாள் காலையில் சத்தம் இல்லை. ஒரு கார் வந்தது. வெள்ளைக்காரர்கள் மூன்று பேர். ஒருவர் தோளில் கேமரா. வெளிநாட்டு டெலிவிஷன்காரர்கள் என்று போர்மேன் சொன்னார். அக்கரையில் எண்ணெய்த் தொட்டி எரிகிறது. கறுப்புப் புகை கோபுரம் போல நிற்கிறது. அதைப் படம் பிடிக்க எங்கள் கரைதான் தோதான இடம்.

தவசி குழாயிலிருந்து வெளியே வந்தான். முகத்தைத் துடைத்தான். தலையைக் கையாலேயே படிய வாரிக்கொண்டான்.

"என்னடா பண்ற?"

"நம்மளயும் சேத்துப் பிடிச்சான்னா நல்லதுதான மாப்ளே. எங்கனயாச்சும் காட்டுவான். உசுரோட இருக்கேன்னு பவுனுக்குத் தெரியுமில்ல."

பவுனு என்பது அவன் மனைவி பவுனுத்தாய். சண்டை தொடங்கியதிலிருந்து தபால் இல்லை. தந்தி இல்லை. அவன் கேட்டதில் தப்பில்லை.

கேமராக்காரர் கையைக் காட்டினார். தள்ளிப் போ என்கிறார். கோபமாக இல்லை. ஆட்டை ஓரம் கட்டுகிற மாதிரி. தவசி சிரித்துக்கொண்டே தள்ளி நின்றான். இன்னும் தள்ளு என்றார். தள்ளினான். புகை தனியாக வேண்டும் அவர்களுக்கு. ஆறு வேண்டும், பேரீச்சை வேண்டும், புகை வேண்டும். ஊதாச் சட்டை போட்ட இந்தியக் கொத்தனார் அதில் எதற்கு? போகும்போது ஒருவர் எங்களுக்கு ஆளுக்கொரு சிகரெட் கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

மறுநாள் மத்தியானம் லாரிகள் வந்தன. எல்லாரும் ஏறுங்கள், குவைத் எல்லைக்குப் போகிறோம் என்றது கம்பெனி. பெட்டி எடுக்காதே. படுக்கை எடுக்காதே. ஏறு. "யல்லா, யல்லா" என்று டிரைவர் கத்துகிறான். வெரசா, வெரசா என்று நாங்களும் கத்துகிறோம். ஹசன் அடுப்பை அணைக்கப் போனான். அதுதான் அவன் பழக்கம். அடுப்பை எரியவிட்டு நகர மாட்டான்.

தும்.

எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் விழுந்தது. அடுப்பும் இல்லை, ஹசனும் இல்லை. அந்த இடத்தில் புழுதி நின்றது. நான் லாரியில் ஏறிவிட்டேன். தவசி ஏறிக்கொண்டிருந்தான். அவன் கை என் கையில் இருந்தது. "மாப்ளே, வயித்துல என்னமோ" என்றான். இழுத்து மேலே போட்டேன். சட்டை வயிற்றுப் பக்கம் கறுத்துக்கொண்டே வந்தது. வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். நின்றபாடில்லை. லாரி போகிறது. அவன் தலை என் மடியில். தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். ஊரைப் பற்றி எதுவும் பேசவில்லை. வலிக்கிறது என்று மட்டும் சொன்னான். பிறகு அதையும் சொல்லவில்லை.

வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இறக்கினோம். ஒரு பெரியவர் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கையை விரித்தார். தாழ்வாரத்தில் இன்னும் பலர் கிடந்தார்கள். எல்லாம் அந்த ஊர் ஜனம். பக்கத்தில் கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண், கண் திறந்தபடி. அவளுக்கு இந்தப் பக்கம் தவசியைப் போட்டோம். நான் உட்கார்ந்துவிட்டேன். லாரி ஹாரன் அடிக்கிறது. இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து லாரியில் போட்டார்கள். அந்தப் பெரியவர் தன் தோள் துண்டை எடுத்து அவன் முகத்தில் போடுவதைப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன்.

எல்லையில் கூட்டம். கூடாரம். தண்ணீர் வண்டி. அங்கேயும் நிருபர்கள். ஒருவர் கையில் டேப் ரெக்கார்டர். எங்கள் கம்பெனி ஆளிடம் நீட்டினார். இந்தியர்கள் எத்தனை பேர், எல்லாரும் வந்துவிட்டார்களா என்று கேட்டார். கம்பெனி ஆள், எல்லாரும் வந்தாயிற்று, எல்லாரும் பத்திரம் என்றார். அவர் பொய் சொன்னாரா, அவருக்கே தெரியாதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. லாரிகள் பல. அவர் முதல் லாரியில் வந்தவர்.

நான் கூட்டத்துக்குள் புகுந்து போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஒன் மேன் டெட். மை பிரண்ட். இந்தியா. நிருபர் திரும்பினார். என் சட்டையில் ரத்தத்தைப் பார்த்தார். பெயர் கேட்டார். தவசி என்றேன். அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அதற்குள் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. யாரோ மந்திரி. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். அவரும் ஓடினார். காத்திருந்தேன். திரும்பி வரவில்லை.

பம்பாய். மதுரை. போடி. தேவாரம் பஸ் ஏறுவதற்கு முன் ஸ்டாண்டில் டீ குடித்தேன். கடை ரேடியோவில் சண்டைச் செய்திதான். பாஸ்ராவை 'பசரா' என்று சொன்னார்கள். எண்ணெய் விலை ஏறும் என்றார்கள். கடைக்காரர் பெட்ரோல் பற்றிப் பேசினார். பக்கத்தில் இருந்தவர் லோடு வண்டி வாடகை ஏறும் என்றார். நான் அங்கிருந்துதான் வருகிறேன். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

தேவாரத்தில் பவுனுத்தாய் மலையடிக் காட்டில் இருந்தாள். யானை இறங்கி மக்காச்சோளத்தை மிதித்துப் போட்டிருந்தது. நிமிர்த்த முடிந்த தட்டைகளை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள்.

"வாங்கண்ணே. அவரு பின்னால வர்றாரா?"

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. தவசி இல்லை தாயி, குண்டு பட்டுச்சு, என் மடியிலதான் உசுரு போச்சு என்றேன்.

அவள் அழவில்லை. கையிலிருந்த தட்டையைக் கீழே போடவும் இல்லை.

"இல்லண்ணே. எல்லாரும் பத்திரம்னு ரேடியோவுல சொல்லிட்டாங்க. எங்க கொழுந்தனாரு காதால கேட்டாரு. பேப்பர்லயும் போட்டிருக்கு. நீங்க வேற ஆரையோ பாத்துட்டு வந்து சொல்றீங்க."

"என் மடியில தாயி."

"அந்தக் கலவரத்துல உங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும். மொதல்ல வீட்டுக்கு வாங்க. சாப்புட்டுப் போங்க."

சாப்பிட உட்கார்ந்தேன். கொழுந்தனார் குருவையா வந்தார். தவசியின் தம்பி. பேப்பரைக் கொண்டுவந்து விரித்தார். கட்டமிட்டு இரண்டே வரி. படித்தேன். அப்படித்தான் இருந்தது.

"செத்திருந்தா கம்பெனி தந்தி குடுத்திருக்குமா இல்லியா?" என்று கேட்டார். "டில்லிக்காரன் சொல்றான், வெளிநாட்டுக்காரன் சொல்றான், எல்லாரும் ஒண்ணு போலச் சொல்றான். நீங்க ஒரு ஆளு மட்டும் மாத்திச் சொல்றீங்க."

கம்பெனிக்குத் தந்தி கொடுத்தோம். பதில் இல்லை. பம்பாயில் ஏஜெண்டு ஆபீசைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

ஊரில் நான் ஒரு மாதிரி ஆகிவிட்டேன் என்று பேச்சு வந்தது. சண்டையில் மூளை கலங்கிப்போச்சு. உயிரோடு இருக்கிறவனைச் செத்தான் என்கிறான். எதிரே வருகிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். என் அம்மாகூட ஒரு நாள் கேட்டாள்: "நெசமாப் பாத்தியா அப்பு?" அதற்குப் பிறகு நான் சிலமலையில் இருக்கவில்லை.

மலைக்குப் போனேன். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம். காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. விறகு போடணும். சூடு குறையாமல் பார்க்கணும். பேச வேண்டியதில்லை. காலையில் ஜீப்பில் பெண்கள் வருவார்கள். காய் எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். பிறகு மஞ்சுதான். எதிரே நிற்கிற மரம் தெரியாது. காதில் விசில். மரக்கதவை யாராவது சாத்தினால் தரையில் விழுந்து படுத்துவிடுவேன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வேன். பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். அது ஒரு விதத்தில் நிம்மதி.

சூப்பர்வைசர் மலையாளி. ஜோசப்புச் சேட்டன். அவருக்கு நெடுங்கண்டத்திலிருந்து மலையாளப் பேப்பர் வரும். அவர்கள் ஆட்கள் வளைகுடாவில் நிறைய. அதனால் அந்தப் பேப்பரில் விவரம் கூடுதலாக இருக்கும். தவசி பெயர் இருக்கிறதா என்று தினமும் எனக்காகத் தேடுவார். தேடி முடித்துத் தலையாட்டுவார். "பத்ரத்தில் இல்லல்லோ ராசாமணி." பேப்பருக்கு அவர்கள் பாஷையில் பத்ரம். முதல் தடவை அது 'பத்திரம்' என்று காதில் விழுந்து திடுக்கென்றது. ஒரே ஒரு நாள் ஒரு செய்தி இருந்தது. பாஸ்ராவில் ஷெல் விழுந்து அந்நிய நாட்டுத் தொழிலாளர் சிலர் இறந்தார்களாம். எந்த நாடு, என்ன பெயர், எதுவும் இல்லை. திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னேன். ஹசனும் தவசியும் அந்த 'சிலர்' என்ற வார்த்தைக்குள் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

கார்த்திகையில் மதுரையிலிருந்து ஒரு நிருபர் மலையேறி வந்தார். இளைஞர். மரியாதையானவர். என்னைப் பற்றி யார் சொன்னார்களோ. பெட்ரோல் எரிந்ததைப் பார்த்தீர்களா, விமானம் எவ்வளவு தாழப் பறந்தது, பயமாக இருந்ததா என்று கேட்டார். சொன்னேன். தவசியைப் பற்றியும் சொன்னேன். முழுதும் எழுதிக்கொண்டார். ஏலச்செடி பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்.

பேப்பர் வந்தது. என் படம் பெரிதாக. குண்டு மழையில் தப்பிய போடித் தொழிலாளி. எண்ணெய்ப் புகை, விமானம் எல்லாம் இருந்தது. தவசி இல்லை.

அந்த நிருபர் திரும்பவும் வந்தார். அதைச் சொல்லத்தான் வந்தார்.

"நான் எழுதிக் குடுத்தேண்ணே. மேல எடுத்துட்டாங்க. கம்பெனி சொல்லணும், இல்ல கவர்மெண்டு சொல்லணும். வெளிநாட்டுச் சாவு. ஒரு ஆளு சொன்னத வச்சுப் போட முடியாதுன்னுட்டாங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் குருவையா அந்தப் பேப்பரை மடித்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார். "உங்க படம் இருக்கு. உங்க கத இருக்கு. எங்கண்ணன் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். நான் அடுப்பில் விறகு போட்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஜீப்பில் இறங்கிவிட்டார்.

தை கழிந்தது. ஒரு நாள் காலை, காய் எடுக்கிற பெண்களோடு பவுனுத்தாய் ஜீப்பில் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். தாலி, பூ, பொட்டு எல்லாம் இருந்தது.

"அண்ணே, போடிக் கொட்டகையில படத்துக்கு முன்னாடி அந்தச் சண்டையக் காட்றாங்களாம். அந்த ஊரயே காட்றாங்களாம். நீங்களும் வாங்க. எது எதுன்னு எனக்குச் சொல்லணும்."

போனோம். மேட்னி. கொட்டகையில் பெண்களுக்குத் தனி இடம், நடுவில் இடுப்பளவு சுவர். அதை நான் நினைக்கவில்லை. அவள் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். விளக்கு அணைந்தது. செய்திப் படம் ஓடுகிறது. முதலில் ஏதோ அணைக்கட்டு. ஏதோ மாநாடு. பிறகு அந்த ஆறு.

என் ஆறு. கறுப்பு வெள்ளையில். பேரீச்சை மரங்கள். புகைக் கோபுரம். டாங்கி ஒன்று போகிறது. கைகுலுக்கும் தலைவர்கள். கணீரென்ற குரல், எண்ணெய் ஏற்றுமதி பாதிப்பு என்றது. இந்தியர்கள் எல்லாரும் பத்திரமாக வந்துவிட்டார்கள் என்றது. 'தும்' என்ற சத்தமே இல்லை. அதற்குப் பதில் மேளம் போல ஒரு பாட்டு. முன் வரிசையில் ஒருவர் "படத்தப் போடுங்கப்பா" என்றார். சிரிப்பு. பீடிப் புகை. அடுத்து கிரிக்கெட்.

எழுந்து வெளியே வந்தேன். பவுனுத்தாய் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். டிக்கெட் கிழிப்பவர், படம் இனிமேதானம்மா என்றார்.

"அம்புட்டுத்தானாண்ணே?"

"அம்புட்டுத்தான் தாயி."

"கண்ணச் சிமிட்டாமப் பாத்தேன். உள்ள உக்காந்து ஒரு வெத்தல மடிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சு." தரையைப் பார்த்தாள். "அங்க நம்மாளுக எத்தன பேரு இருந்தீங்க?"

"நெறையப் பேரு. ஐநூறுக்குக் கொறையாது."

"ஒருத்தரு மொகமும் வரலையே."

ரோட்டில் ஒரு லாரி போனது. அது போகும்வரை நின்றாள்.

"இருந்தவுகளையே காட்டல. போனவுகள எங்க காட்டப்போறாங்க."

பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தோம். தேவாரம் பஸ் ஒன்று வந்து நின்று புறப்பட்டுப் போனது. அவள் ஏறவில்லை.

"சொல்லுங்க. அன்னைக்கு உங்களச் சொல்லவிடல. இப்ப மொதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னேன். குழாய், ஹசன், கேமரா, சிகரெட், லாரி. அவன் கை என் கையில் இருந்தது. நடுநடுவே கேட்டாள். என்ன சட்டை? ஊதா. தண்ணி குடிச்சாரா? குடிச்சான். பக்கத்துல ஆரு கெடந்தா? ஒரு பொம்பள. அந்த ஊர்க்காரி. அந்தப் பெண்ணுக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டாள். உங்க வயசுதான் என்றேன். அந்த இடத்தில்தான் பவுனுத்தாய் உடைந்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதாள். பஸ்சுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அழுதேன். பாஸ்ராவை விட்டு வந்தபின் அதுதான் முதல் தடவை.

உடல் இல்லாமல் கருமாதி நடந்தது. மாலை போட்ட போட்டோ முன்னால் நானும் உட்கார்ந்தேன். குருவையா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்களாச்சும் கூட இருந்தீங்களே" என்றார்.

சண்டை நடந்துகொண்டே இருந்தது. முதல் பக்கத்திலிருந்து உள் பக்கம் போனது. பிறகு மூலைக்கு. பிறகு ரேடியோவில் கடைசி வரி, வானிலைக்கு முன்னால். சில மாதம் அதுவும் இல்லை. சண்டை நின்றுவிட்டது என்று தோட்டத்தில் எல்லாரும் நினைத்தார்கள். ஜோசப்புச் சேட்டன் மட்டும் தேடிப் பார்த்து, "தீர்ந்நிட்டில்லா" என்பார், இன்னும் முடியவில்லை என்று. 1988 ஆகஸ்டில் உண்மையாகவே நின்றது. அன்று மட்டும் பெரிய எழுத்து. செத்தவர்கள் லட்சக்கணக்கில் என்றார்கள். ஒவ்வொரு பேப்பரும் ஒவ்வொரு கணக்குப் போட்டது. எந்தக் கணக்கிலும் எங்கள் ஆட்கள் சேர்த்தியா இல்லையா என்று தெரியவில்லை.

என் கணக்கைச் சொல்கிறேன்.

தவசி, தேவாரம், கொத்தனார். ஹசன், எகிப்து, சமையல்காரன். அவன் ஊர்ப் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண். அவளுக்கு அந்தப் பக்கம் கிடந்தவர்கள் ஆறு பேரோ ஏழு பேரோ. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. என் இடது காது. புரட்டாசியிலிருந்து தை வரை பவுனுத்தாய் அழாமல் இருந்த நாட்கள்; அவை அவளுக்குப் போனவையா, கிடைத்தவையா என்று அவளும் சொல்லவில்லை.

நான் பார்த்தது இக்கரை மட்டும். எங்கள் பக்கத்திலிருந்தும் அக்கரைக்குக் குண்டு போனது. அங்கே விழுந்து யார் செத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர் எவராவது உயிரோடு இருந்தால் அவர் சொல்ல வேண்டும்.